பள்ளிவாசல் சுவரில் எங்கள் பக்கம்

எங்கள் வீட்டு அடுப்படிக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே சுவர். கல்யாணமாகி வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சுவருக்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். துருவலை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மாமியார் சிரித்தார்.

"பயப்படாதளா. அசரத்து ஓதப் போறாவ. அந்தப் பக்கம் பள்ளி."

அந்தச் சுவரின் நடுவில் ஓர் இடம் மட்டும் எங்கள் பக்கமாகப் புடைத்திருக்கும். அசரத்து, அதாவது இமாம், நின்று தொழவைக்கும் மாடம், மிஹ்ராப், அந்தப் பக்கம் உள்வாங்கிய அளவுக்கு இந்தப் பக்கம் வெளியே வந்திருந்தது. அதில் ஆணி அடிக்கக் கூடாது, அதை ஒட்டி அம்மியைப் போடக் கூடாது, எண்ணெய்ச் சட்டியைச் சாய்த்து வைக்கக் கூடாது என்று மாமியார் சொல்லி வைத்திருந்தார். நானும் அப்படியே இருந்தேன். ஆனால் அதன் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று வெகுகாலம் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பெண்கள் பள்ளிக்குள் போவதில்லை. எங்களுக்கென்று அடுத்த தெருவில் தைக்கா இருக்கிறது. ரமலானில் தொழ அங்கேதான் போவோம்.

ஊர் சேரன்மகாதேவியைத் தாண்டி, ஆற்றை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் வயல். என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. பள்ளிவாசல் எந்தக் காலத்தது என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கல்தூண் நிறுத்தி, மேலே கல் பாவி, சுவரைச் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பியிருக்கிறார்கள். எப்போதாவது கேமராவோடு வெளியூர்க்காரர்கள் வருவார்கள். தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு, தெருமுனைக் கடையில் டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

என் மாமனார் விழுந்த பிறகுதான் அந்தச் சுவரில் ஓதம் ஏற ஆரம்பித்தது.

பள்ளியின் முன்புறம் தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற பெரிய தொட்டி ஒன்று உண்டு. ஹவுளு என்போம். அதன் கழிவுத் தண்ணீர் தெற்குச் சுவரை ஒட்டித் திறந்த ஓடையில் ஓடிவந்து, எங்கள் புறவாசல் மூலையில் திரும்பி, வாய்க்காலுக்குப் போகும். ஒரு மழைநாளில் மாமனார் கழுவின காலோடு வரும்போது வழுக்கி அந்த ஓடையில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. பாளையங்கோட்டையில் வைத்து ஆபரேஷன் செய்தும் அவர் எழுந்து நடக்கவில்லை. கட்டிலிலேயே கிடந்து இறந்தார். ஊரே வருத்தப்பட்டது. வயசானவர்கள் நடமாடும் இடத்தில் திறந்த ஓடை எதற்கு என்று ஜமாஅத்தில் பேசி, அதன் மேல் சிலாப் போட்டு, சிமெண்டு பூசி மூடிவிட்டார்கள். முற்றத்தையும் உயர்த்தி டைல்ஸ் ஒட்டினார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அடுப்படிச் சுவரின் அடியில் முழங்கால் அளவுக்கு ஒரு கறை தெரிந்தது. கோடையில் அது காயவில்லை. வருஷா வருஷம் ஏறியது. சுண்ணாம்பு பொரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. காலையில் கூட்டினால் ஒரு முறம் அள்ளலாம். சாக்பீஸை மைத்தண்ணீரில் நிறுத்தி வைத்து, மை தானாக மேலே ஏறுவதைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்டுகிறவள் நான். என் வீட்டுச் சுவரில் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்துதான் இருந்தது. ஹவுளைக் கழுவுவதற்காகத் தண்ணீரை வடித்துவிட்டுச் சில நாள் காயப்போடுவார்கள். அப்போதெல்லாம் சுவரின் கறை கொஞ்சம் வெளுக்கும். நிரப்பினால் திரும்பக் கறுக்கும். கணவரிடம் சொன்னேன். "பேசிப் பாக்கேன்" என்றார். பேசினாரா என்று நான் கேட்கவில்லை.

பிறகு வெள்ளம் வந்தது. மார்கழி பிறந்த கையோடு, விடாத மழையில், ஆறு தெருவுக்குள் ஏறியது. விடிந்து பார்க்கும்போது எங்கள் வாசற்படி தண்ணீருக்குள் இருந்தது. தெருவில் உயரமான கட்டடம் பள்ளிதான். ஆண்கள் வந்து, வயசானவர்களையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, எல்லோரையும் அங்கே போகச் சொன்னார்கள். ஆண்கள் வெளிவராந்தாவில் நின்றுகொண்டு, பெண்களை உள்ளே மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். அப்படித்தான் நான் அந்தப் பள்ளிக்குள் முதல்முறை போனேன். மாமியாரும் அன்றுதான் முதல்முறை போனார்.

கரண்டு இல்லை. மழை வெளிச்சத்தில் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தூண்களுக்குப் பச்சை எனாமல் பெயிண்டு அடித்திருந்தார்கள். பெயிண்டுக்கு அடியிலும் செதுக்கல் தெரிந்தது. தூண்களின் மேல்முனையிலிருந்து தாமரை மொட்டுக்கள் தலைகீழாகத் தொங்கின. நான் மிஹ்ராபைத்தான் தேடிப்போனேன். சுண்ணாம்புச் சுதையில் ஒரு கொடி, மாடத்தின் இருபுறமும் கீழிருந்து கிளம்பி, வளைவின் உச்சியில் போய்ச் சேர்ந்திருந்தது. இலைகளில் பழைய பச்சை. பூக்களில் நீலம், அங்கங்கே. அதன் இரண்டு பக்கமும் மார்பளவுக்குக் குளியலறை டைல்ஸ். அந்த டைல்ஸுக்கு மேலே ஒரு முழ அகலத்துக்குச் சுவர் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. கொடியின் அடிப்பாகம் உதிர்ந்துபோய்ச் செங்கல் தெரிந்தது.

மாமியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"இத்தனை வருஷம் இதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா நான் சோறு பொங்கினேன்" என்றார்.

கையை நீட்டி ஒரு பூவைத் தொட்டார். அதன் இதழ் ஒன்று அவர் விரலோடு வந்துவிட்டது. யாராவது பார்த்தார்களா என்று பதறித் திரும்பினார். இதழைப் பழைய இடத்தில் வைத்து அழுத்தினார். ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினார். அது பொடியாகிவிட்டது. அதை முந்தானையில் துடைக்காமல், குனிந்து மிஹ்ராபின் அடியிலேயே உதறினார். அப்புறம் அன்று முழுவதும் அந்தப் பக்கமே திரும்பாமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் பள்ளியின் கடைசிப் படிக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. மண்டபத்துக்குள் ஒரு சொட்டு வரவில்லை. இதை ஊரே பார்த்தது. ஆனாலும் வெள்ளம் வடிந்து, வீடுகளில் சேற்றை வழித்து முடித்த பிறகு, பள்ளிச் சுவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் "வெள்ளத்துல ஊறிப்போச்சு" என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்வது எளிதாக இருந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளியைச் சரிசெய்யப் பணம் அனுப்பினார்கள். பழைய காரையைக் கொத்திவிட்டு, தண்ணீர் புகாத சிமெண்டு பூசி, சுவர் முழுக்க, கூரை வரைக்கும், டைல்ஸ் ஒட்டுவதாக முடிவாயிற்று.

கணவர் சாப்பிடும்போது இதைச் சொன்னார். நான் சாதத்தைப் போட்டுக்கொண்டே, "வெள்ளம் உள்ள வரவே இல்லையே" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நானும்தான் படியில நின்னேன்."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே. தண்ணி அடியிலருந்து வருது, ஓடையிலருந்து வருதுன்னு."

"சொல்லிட்டு? ஓடையத் திறங்கன்னு சொல்லவா? வாப்பா விழுந்த ஓடைய நானே போய்த் திறங்கன்னு சொல்லவா?"

மாமியார் உள்ளறையில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. நான் தட்டு எடுத்துக்கொண்டு போகும்போது கூப்பிட்டார். குரல் உயரவில்லை.

"ஏளா, அந்த மனுசன் கட்டில்ல கிடந்து பட்டத நீ கூட இருந்து பாத்தவ. பள்ளி முக்கியம்தான். இல்லன்னு சொல்லல. வேற எவனும் போய் அதுல விழணுமா?"

அவர் சொன்னதும் சரி. நான் பார்த்ததும் சரி.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் டீச்சர் பாளையங்கோட்டைக்காரர், பழைய மிஷன் குடும்பம். தினமும் பஸ்ஸில் வந்து போவார். அவரிடம் இந்தச் சுவர் பற்றிப் புலம்பியிருக்கிறேன். அவர்கள் சபைக் கோயிலிலும் இதே கதை நடந்ததாம். பழைய சுவரில் சிமெண்டு பூசி, ஓதம் ஏறி, பீடத்துக்குப் பின்னால் இருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோனதாம். "எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாரேன் டீச்சர். அவர் பார்த்தா ரெண்டு வார்த்தை சொல்லுவார்" என்றார். அவர் கணவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒரு சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். முத்தவல்லி, அதாவது பள்ளி நிர்வாகத்தின் தலைவர், என் கணவருக்குச் சித்தப்பா முறை. அவரே முன்வந்து இன்ஜினியரைப் பள்ளிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பிறகு என் கணவரும் சேர்ந்து மூவருமாக எங்கள் அடுப்படிக்கு வந்தார்கள். இன்ஜினியர் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். நகத்தால் சுரண்டினார். செங்கல் மாவாக உதிர்ந்தது. புறவாசல் மூலையில் இருந்த சிலாபை நெம்பித் தூக்கச் சொன்னார். என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் கடப்பாரை போட்டுத் தூக்கினார்கள். அடியில் ஓடை நிறையத் தண்ணீர், அசையாமல், கறுப்பாக நின்றது. எங்கேயோ அடைத்துக்கொண்டு, போக வழியில்லாமல் சுவரின் அஸ்திவாரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முத்தவல்லி குனிந்து பார்த்துவிட்டு "யா அல்லாஹ்" என்று மெல்லச் சொன்னார்.

அவருக்கு நாற்காலி போட்டோம். டீ கொடுத்தேன். இன்ஜினியர் பொறுமையாகச் சொன்னார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், அதே மாதிரி வெளியே விடவும் செய்யும், டைல்ஸும் சிமெண்டும் ஒட்டினால் விட வழியிருக்காது. ஓடையைச் சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். இருக்கிற டைல்ஸை எடுத்துவிட்டு, அடுத்த கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காயவிட வேண்டும். அப்புறம் பழையபடி சுண்ணாம்பு பூசினால் போதும். பெயிண்டு கூடாது.

முத்தவல்லி கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சார் சொல்லுதது சரியாத்தான் இருக்கும். இப்ப கண்ணால பாத்தாச்சு. ஆனா ஓடையைத் தள்ளி எங்கன கொண்டு போக? தெக்குப் பக்கம் பூரா கபுறு. எங்க வாப்பா அங்கனதான் அடங்கியிருக்காவ. இவன் வாப்பாவும் அங்கனதான். மண்வெட்டி வைக்க முடியுமா, சொல்லுங்க."

இன்ஜினியர் எழுந்து, புறவாசலில் நின்று அந்தக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னொண்ணு சார். அந்தப் பிள்ளைங்க பாலைவனத்துல வெயில்ல நின்னு சம்பாதிச்சு அனுப்புதாங்க. பள்ளி பளிச்சுன்னு ஆயிட்டுதான்னு போன்ல கேக்குதாங்க. சுவரை உரிச்சுப் போட்டுட்டு ஒரு வருசம் சும்மா இருக்கோம்னு எப்பிடிச் சொல்ல? நோன்பு வருது. அந்தச் சுவரைப் பாத்துத்தானே எல்லாரும் நின்னு தொழணும்."

"பழைய ஓடைக்குள்ளேயே பைப் போடலாம்" என்றார் இன்ஜினியர். "அதையாவது செய்யுங்க. அந்த மிஹ்ராபையும் கை வைக்காம விட்டுருங்க."

"அத தொட மாட்டோம் சார். அது என் பொறுப்பு."

அவர் என்னைப் பார்த்தும் சொன்னார். "நீ கவலப்படாத தாயி. அது பள்ளிக்கு முகம்லா." அவர் மனசாரத்தான் சொன்னார். இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பைப் போட்டார்கள். அடைப்பை எடுத்து, ஓடைக்குள் பைப் இறக்கி, சிலாபைத் திரும்ப மூடினார்கள். அது ஒன்றுதான் நடந்தது. டைல்ஸ் ஏற்கனவே வந்து பள்ளி வாசலில் அட்டைப்பெட்டியோடு அடுக்கியிருந்தது. நோன்புக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் அடுப்படியில் நிற்க முடியவில்லை. அந்தப் பக்கம் உளி விழும்போதெல்லாம் இந்தப் பக்கம் அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. மாமியார் காதை முந்தானையால் பொத்திக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். உளிச் சத்தம் புடைப்புக்கு மிக அருகில் வந்தது. மிஹ்ராபைத் தொடவில்லை, அதன் பக்கச் சுவரைத்தான் கொத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் புளிக்கையோடு வாசலுக்கு ஓடிப்போய்க் கணவரைக் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் போய்ப் பைய கொத்தச் சொல்லுங்க. மிசின் வைக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அவர் பள்ளி வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். சுவருக்குள் மணல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு உளிச் சத்தம் நின்றுவிட்டது. யாரும் பேசும் குரலும் கேட்கவில்லை. நான் புடைப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன். இன்னது செய்யலாம் என்று இருந்தால்தானே செய்வதற்கு. ஓடிப்போய்ப் பார்க்கக்கூட எனக்கு வழியில்லை.

கணவர் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி.

"யாரும் தொடல. அதுவா இறங்கிட்டு" என்றார். "வலது பக்கக் கொடி பூரா. முத்தவல்லி சாச்சா அங்கனயே உக்காந்துட்டாவ. கொத்தனாரு உளியக் கீழ போட்டுட்டு நிக்காரு. அவர என்னன்னு சொல்ல."

அன்று சாயங்காலம் இடிபாடுகளைச் சிமெண்டுச் சாக்குகளில் கட்டிப் பள்ளி ஓரமாக வைத்திருந்தார்கள். நான் கடைக்குப் போகிற சாக்கில் அந்த வழியாகப் போனேன். ஒரு சாக்கின் வாய் திறந்திருந்தது. நீலம் ஒட்டிய சுண்ணாம்புக் கட்டிகள், எது பூ, எது இலை என்று தெரியாமல் கிடந்தன. மறுநாள் டிராக்டர் வந்து அவற்றை ஆற்றோரத்தில் வெள்ளம் அரித்த பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. மீதியிருந்த இடது பக்கக் கொடியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நன்றாக இருக்காது என்று அதையும் எடுத்துவிட்டு, மாடத்துக்குள்ளும் டைல்ஸ் ஒட்டினார்கள். பொன் நிறத்தில் பூப்போட்ட டைல்ஸ் என்று கணவர் சொன்னார். பெருநாளன்று தொழுதுவிட்டு வந்தவர்கள் பள்ளி பளபளவென்று இருப்பதாகச் சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் சந்தோஷத்திலும் குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷம் உப்பு உதிர்ந்து சட்டையில் விழத் தொழுதவர்கள்.

அந்தப் பக்கம் வழி அடைத்த ஈரம் எங்கள் பக்கம் வந்தது. இன்ஜினியர் சொன்னபடியேதான். பைப் போட்டதால் புதுத் தண்ணீர் குறைந்திருக்க வேண்டும். ஆனால் பல வருஷமாக அந்தச் சுவர் குடித்து வைத்திருந்ததெல்லாம் எங்கள் அடுப்படி வழியாக வெளியேற ஆரம்பித்தது. கறை என் தலைக்கு மேலே போயிற்று. அரிசி டப்பாவில் வண்டு விழுந்தது. பருப்பு பூசணம் பிடித்தது. மாமியாருக்கு இரைப்பு வந்தது. கணவர், "நாமளும் நம்ம பக்கம் டைல்ஸ் ஒட்டிருவோமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எந்த வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள்.

"நாமளும் அடைச்சா அது எங்கன போவும்?" என்றேன். "உள்ளேயே நின்னு செங்கல்ல அரிச்சிரும்லா."

அடுப்பை முன்னறைக்கு மாற்றினோம். விருந்தாளிகள் வந்தால் உட்கார இடமில்லை. அடுப்படிச் சுவரில் எங்கள் பக்கம் இருந்த பழைய சிமெண்டு ஒட்டுக்களை ஆள் வைத்துப் பைய உரித்தெடுத்தோம். இப்போது அந்த அறையில் வெறும் செங்கல் சுவரும், அதன் நடுவே புடைப்பும் மட்டும் இருக்கின்றன. ஜன்னலை எப்போதும் திறந்து வைக்கிறேன். பள்ளிக்கூடம் போவதற்கு முன் உப்பைக் கூட்டி அள்ளுகிறேன். இதனால் சுவர் பிழைக்குமா என்று இன்ஜினியரிடம் போனில் கேட்டேன். "கொஞ்சம் தள்ளிப்போவும் டீச்சர்" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

இந்த வருஷம் நோன்புக்கு முன்னால் ஏசி வந்தது. அதுவும் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கிக்கொடுத்ததுதான். டைல்ஸ் ஒட்டினதிலிருந்து உள்ளே புழுக்கம் தாங்கவில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏசிக்காக ஜன்னல்களைக் கண்ணாடி போட்டு அடைத்தார்கள். வெளியே மாட்டுகிற பெட்டியைத் தெற்குப் பக்கம் கபுறுகளுக்கு மேலே மாட்ட வேண்டாம் என்று பேச்சு வந்தது. எங்கள் புறவாசல் பக்கம் மாட்டிக்கொள்ளலாமா என்று முத்தவல்லி கேட்டிருக்கிறார். கணவர் சரியென்று சொல்லிவிட்டு வந்தார். அவரால் வேறென்ன சொல்ல முடியும்?

திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் வந்தார். நடுவயசுக்காரர். டிரில் மிசினைக் கையில் வைத்துக்கொண்டு பழைய அடுப்படிச் சுவரைக் கீழிருந்து மேல் வரை பார்த்தார்.

"எம்மா, இது இப்படி நனைஞ்சு கிடக்கு. எங்கன ஓட்டை போட?"

"முடிஞ்ச மட்டும் மேல போடுங்க. அந்தப் புடைப்ப விட்டுத் தள்ளிப் போடுங்க" என்றேன். "ஏசித் தண்ணி வடியுத குழாயை மட்டும் தெருவுக்குக் கொண்டு போயிருங்க. இந்தச் சுவத்துல விடாதிய."

"குழாய் அவ்வளவு நீளத்துக்கு இப்பக் கொண்டு வரலம்மா. அடுத்த தடவ வரும்போது போட்டுத் தாரேன். அதுவரைக்கும் ஒரு வாளி வச்சுக்கிடுங்க."

மேலே ஓட்டை போட்டார். செங்கல் தூள் ஈரமாக, உருண்டை உருண்டையாக விழுந்தது. வேலை முடிந்ததும் நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். மதியம் லுஹர் தொழுகைக்கு ஏசியைப் போட்டார்கள். சுவரின் அந்தப் பக்கம் துஆவுக்கு ஆமீன் சொல்லும் சத்தம் கண்ணாடிக்குள் அடைபட்டு, முன்பைவிட மெலிதாகக் கேட்டது. தொழுகை முடிந்து வந்த கணவர், உள்ளே நல்ல குளிர்ச்சியாக இருந்தது என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

குழாய் இன்னும் வரவில்லை. கணவர் இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. வாளி நிறைகிறது. வீட்டில் இருக்கும்போது நான் எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் கொட்டுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போன நேரத்தில் மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டே எடுத்துக் கொட்டுகிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.